வகிடக்காவும் மூளையால் ஓடும் ரயிலும்

வகிடக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஐடி கார்டில் போட்டோவுக்குக் கீழே அச்சாகியும் இருக்கிறது. ஆனால் குழந்தைகள் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வகிடக்கா என்று கேளுங்கள். எக்ஸ்ரே வரிசையில் நிற்கும் வாண்டுகூட, "நேராப் போய் வலது பக்கம் திரும்புங்க, பேச்சுச் சத்தம் கேட்கும்" என்று வழி சொல்லும்.

பேச்சுச் சத்தம் அவளுடையதுதான். அவள் வேலை, குழந்தைகளின் தலையில் வகிடு எடுப்பது. வகிடு எடுக்க ஒரு ஆஸ்பத்திரியா, அதற்கு ஓர் ஆளா, அந்த ஆளுக்கு ஒரு கார்டா என்று வாயைப் பிளக்க வேண்டாம். விஷயம் இருக்கிறது.

அந்த அறையில் ஒரு கணினி, ஒரு பெரிய திரை, திரையில் ஒரு ரயில் விளையாட்டு. ரயிலை ஓட்டக் கையை அசைக்கக்கூடாது. மூளையால் ஓட்ட வேண்டும். ஓரிடத்தில் உட்கார முடியாத, சொன்னதைக் காதில் வாங்காத, பாடம் நடக்கும்போது ஜன்னல் வழியாகப் பறந்துபோய்விடுகிற குழந்தைகள் அங்கே வருவார்கள். அவர்கள் தலையில் ஒரு பட்டை மாட்டப்படும். பட்டையின் உட்புறம், உச்சிக்கு நேராக, இரண்டு விரல் இடைவெளியில் இரண்டு உலோகப் பொத்தான்கள். மூளைக்குள் எழும் துளி மின்சாரத்தை அவை உறிஞ்சிக் கணினிக்குக் கொடுக்கும். குழந்தை கவனம் வைத்தால் ரயில் நகரும், கவனம் சிதறினால் நிற்கும். மொத்தம் பன்னிரண்டு ஸ்டேஷன். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம் இப்படி ஓட்டிப் பழகினால், கவனத்தை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்று மூளைக்கே மெல்ல மெல்லப் பிடிபட்டுவிடும் என்பது டாக்டரின் நம்பிக்கை.

பொத்தான் தலைத்தோலில் படவேண்டும். முடியில் பட்டால் வேலைக்கு ஆகாது, சிவப்பு விளக்கு எரியும். வகிடு தேவைப்படுவது அதற்காகத்தான்.

டாக்டர் கெட்டிக்காரர், இரண்டு நாட்டில் படித்தவர், நல்ல மனிதர். ஆனால் சீப்பைப் பிடிக்கத் தெரியாது. ஆரம்பத்தில் பேனா மூடியால் வகிடு எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை ஒரு பக்கம் துள்ளும், முடி ஒரு பக்கம் துள்ளும், சிவப்பு விளக்கு நடுவில் கண்ணடிக்கும். அந்த நாளில்தான் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் துணையாக வந்து மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, அதற்குமேல் பொறுக்க மாட்டாமல் எழுந்தாள்.

"சார், கொஞ்சம் நகருங்க. குழந்தை தலையா, இல்ல குருவிக் கூடா?"

கைப்பையிலிருந்து வால் சீப்பை எடுத்தாள், ஒரே இழுப்பு. கோடு போட்டதுபோல் வகிடு விழுந்தது. பொத்தான் உட்கார்ந்தது, பச்சை விளக்கு எரிந்தது. டாக்டர் அவள் சீப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வர முடியுமாம்மா?" என்று கேட்டார். ஆறு மாதத் தற்காலிக வேலை அப்படி வந்தது. கார்டில் 'டெக்னீஷியன்' என்று போட்டார்கள். அதை அவள் வீட்டில் கழற்றாமல் போட்டுக்கொண்டே சமைத்தாள் என்று கேள்வி.

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் ஏன் அவ்வளவு உருகினாள் என்று தெரிய, முந்தைய கதை கொஞ்சம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்புக்குள் உட்கார்ந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம். பேசினாள் என்று ஒரு நாள், கவனிக்கவில்லை என்று ஒரு நாள். இரண்டும் சேர்ந்து வந்த நாட்களும் உண்டு. கல்யாணமான பிறகு, கணவரின் அக்கா நடத்தும் அழகு நிலையத்தில் முடி வெட்டக் கற்றாள். கை நல்ல கை. வாய்தான் கையைவிட வேகம். ஒரு நாள் வங்கி மேலாளராக இருந்த ஓர் அம்மாவுக்கு முடி வெட்டிக்கொண்டே, மாடி வீட்டுக்காரர்கள் விவாகரத்துக் கேட்டுவிட்டு ஒரே காரில் வீடு திரும்பிய கதையைச் சொன்னாள். சொன்னவளும் கதையில் மூழ்கினாள், கேட்டவரும் மூழ்கினார். கதை முடிந்து கண்ணாடியைப் பார்த்தால் வலது பக்கம் காது வரைக்கும், இடது பக்கம் தோள் வரைக்கும் இருந்தது.

நாத்தனார் அன்றைக்கே கத்தரியைப் பிடுங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்தாள். "உனக்கு இதுதான் சரி. முடிகிட்ட பேசிக்கோ, அது ஏற்கெனவே வெட்டியாச்சு" என்றாள். இரண்டு வருடம் வகிடக்கா அந்தக் கடையில் தரையில் விழுந்த முடியைக் கூட்டினாள். வாடிக்கையாளர்களிடம் பேசக்கூடாது என்பது உத்தரவு. வீட்டிலாவது பேசலாம் என்றால், கணவர் அச்சகத்தில் வேலை செய்பவர். இயந்திரச் சத்தத்தில் அவருக்குப் பாதிக் காது போய்விட்டது. மீதிப் பாதியை அவர் டி.வி.க்குக் கொடுத்துவிட்டார்.

ஆகவே மூன்றாவது மாடி அறை அவளுக்கு சொர்க்கம். ரயில் ஓடும்போது பேசக்கூடாது என்பது அங்கேயும் விதி, ஆனால் அதற்கு முன்னால் வகிடு எடுத்துப் பட்டை மாட்டும் பத்து நிமிடம் அவளுடையது. எதிரே ஒரு தலை இருக்கிறது, கையில் சீப்பு இருக்கிறது, கேட்பாரில்லை. நாத்தனார், துடைப்பம், அச்சகம், மாடி வீடு என்று அவள் பாட்டுக்குப் பேசுவாள். குழந்தை கேட்கிறதா என்று அவள் பார்த்ததே இல்லை. கேட்கத் தெரியாத குழந்தைகள்தானே அங்கே வருகிறார்கள்.

இப்போது ஜெல்லுக்கு வருவோம், வினை அதில்தான் இருந்தது.

பொத்தானுக்கும் தோலுக்கும் நடுவே கொஞ்சம் ஜெல் தடவவேண்டும். டாக்டர் முதல் நாளே சொன்னார், மிளகளவு போதும் என்று. வகிடக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பதினைந்து வருடம் தலையோடு பழகியவளுக்கு, பேனா மூடியால் வகிடு எடுத்தவர் ஜெல் அளவு சொல்வதா? கஞ்சத்தனத்தை முடி மன்னிக்காது என்பது அவள் தொழில் பாடம். எலுமிச்சம்பழம் அளவு எடுத்து, அடர்ந்த முடி என்றால் இன்னும் கொஞ்சம் தாராளமாக, வகிடு நெடுகத் தடவி, விரலால் நீவி, பளபளவென்று படிய வைத்தாள்.

ரயில்கள் பறந்தன.

அதுவரை முதல் ஸ்டேஷனுக்கே முக்கி முனகிய குழந்தைகள் ஐந்து, எட்டு, பத்து என்று தாண்டினார்கள். டாக்டர் அளவு கடந்த மகிழ்ச்சியோடு வரைபடம் போட்டார். போட்டவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். நீளமான, அடர்ந்த முடி உள்ள குழந்தைகளுக்கு முன்னேற்றம் பிரமாதம், ஒட்ட வெட்டிய தலைகளுக்குச் சுமார். டாக்டர் அதற்குத் தூக்கத்தைத் தொலைத்தார். பட்டியலில் 'முடியின் அடர்த்தி' என்று ஒரு புதிய கட்டம் சேர்த்தார். அதைப் பற்றி முப்பத்து நான்கு பக்கம் எழுதினார். படித்தவர்கள் தப்பு செய்தால் அதிலும் ஒரு நேர்த்தி இருக்கும்.

விஷயம் காத்திருக்கும் பெற்றோர் வரைக்கும் கசிந்தது. மொட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். தலையில் ஒரு நகத்தளவுதான் முடி, ஜெல் நிற்காது, வழிந்துவிடும். வகிடு எடுக்க இடமே இல்லாததால் வகிடக்கா அவனுக்கு மட்டும் துளி ஜெல் வைத்துவிட்டு விடுவாள். அவன் இரண்டு மாதத்தில் தட்டுத் தடுமாறி இரண்டாவது ஸ்டேஷனைத் தொட்டிருந்தான். அவன் அம்மா பையனுக்கு முடி வளர்க்க ஆரம்பித்தாள்.

எல்லாருக்கும் மேலே பம்பரம். எட்டு வயதுப் பெண். இடுப்பு வரைக்கும் கட்டுக்கட்டாய் முடி. இரண்டு பள்ளிக்கூடம் மாறியாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி சுற்றும், சுற்றாத நாற்காலி என்றால் இவள் சுற்றுவாள். அப்பா பூட்டு ரிப்பேர் செய்பவர். "எந்தப் பூட்டா இருந்தாலும் திறந்துடுவேம்மா, இவ மண்டையை மட்டும் எங்க திறக்கிறதுன்னு தெரியல" என்பார். அந்தப் பம்பரம் மூன்றாவது வாரத்தில் பன்னிரண்டு ஸ்டேஷனும் ஓட்டினாள். திரையில் நட்சத்திரம் வெடித்தது. வகிடக்கா எழுந்து நின்று கைதட்டினாள். பூட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்று அழுதார்.

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுவதாக இருந்தது. முடிவுகள் நன்றாக இருந்தால் அறை நிரந்தரம், வகிடக்காவின் வேலையும் நிரந்தரம். இல்லையென்றால் அறையில் பழைய கட்டில்களைப் போட்டுப் பூட்டிவிடுவார்கள். வகிடக்கா துடைப்பத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். முடிவுகள்தான் வானத்தைத் தொடுகின்றனவே, அவளுக்கு என்ன பயம்? நாத்தனாரிடமே போய், "அண்ணி, எங்க டிபார்ட்மென்ட்ல..." என்று இரண்டு தடவை ஆரம்பித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது நடந்தது.

அழகு நிலையத்திலிருந்து அவள் கொண்டுவந்த பொருள் ஒன்றே ஒன்று, முடி வெட்டிப் பழகும் பொம்மைத் தலை. ரப்பர் முகம், நைலான் முடி. வேலை இல்லாத நேரத்தில் பட்டையை அதில் மாட்டி வைப்பாள், வளைவு கெடாமல் இருக்கும். அன்று புதிதாக வந்த ஜெல் டப்பாவைச் சோதிப்போமே என்று பொம்மைக்கும் வகிடு எடுத்து, வழக்கம்போல எலுமிச்சம்பழம் அளவு தடவிப் பட்டையை மாட்டினாள். கணினியை அணைக்கவில்லை. நடைபாதையில் துப்புரவு செய்யும் அம்மாவிடம் மாடி வீட்டுக்காரர்களின் இரண்டாவது விவாகரத்தைச் சொல்லப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது ரயில் ஒன்பதாவது ஸ்டேஷனில் இருந்தது.

வகிடக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து. பதினொன்று. பொம்மைத் தலை கண் இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இமைக்க அதற்கு வழியும் இல்லை. பன்னிரண்டு. நட்சத்திரம் வெடித்தது. 'அபாரம்! உங்கள் கவனம் மிகச் சிறப்பு!' என்று திரை பாராட்டியது. பம்பரத்தைவிட நாற்பது விநாடி முன்னால்.

பட்டையைக் கழற்றினாள். ஜெல்லைத் துடைத்தாள். துளி வைத்து மாட்டினாள். சிவப்பு. வழித்து அப்பினாள். பச்சை, ரயில் பறந்தது. வகுப்புக்கு வெளியே நின்றவள்தான், ஆனால் முட்டாள் இல்லை. இரண்டு பொத்தான்களுக்கும் நடுவே ஜெல் பாலம் கட்டிவிட்டது. இரண்டும் ஒன்றையே தொடுவதால் இங்கேயும் அங்கேயும் ஒரே சேதிதான். அலை இல்லை, சலனம் இல்லை. ஆகா, எவ்வளவு ஆழ்ந்த கவனம் என்று கணினி நம்பிவிட்டது. நாலு மாதமாக ரயிலை ஓட்டியது ஒரு குழந்தையும் இல்லை. வகிடக்காவின் தாராள மனசுதான் ஓட்டியிருக்கிறது.

புதன்கிழமை அவள் ஒன்றும் சொல்லாமல் எல்லாருக்கும் மிளகளவு வைத்தாள். அத்தனை ரயிலும் நின்றன. ஒரு குழந்தை திரையை அடித்தது, ஒரு குழந்தை அழுதது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓட்டினான்?" என்று ஓர் அம்மா பதறினாள். டாக்டர் ஓடிவந்தார்.

"என்னம்மா ஆச்சு இன்னைக்கு?"

"வெயில் சார்," என்றாள் வகிடக்கா. "தலை வேர்க்குது."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. டாக்டர் ஜன்னலைப் பார்த்தார், ஆனால் 'தட்பவெப்பம்' என்று பட்டியலில் இன்னொரு கட்டம் சேர்க்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை அவளுக்குத் தைரியம் போய்விட்டது. மறுபடி எலுமிச்சம்பழம். ரயில்கள் மறுபடி பறந்தன. அம்மாக்கள் சிரித்தார்கள். வகிடக்கா கைதட்டினாள், அதில் சுரத்தே இல்லை. வகிடு எடுக்கும்போது பேசவும் இல்லை. வீட்டிலும் பேசவில்லை. சாயங்காலம் கணவர் டி.வி. பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன, இன்னைக்கு இது இவ்வளவு தெளிவாக் கேக்குது?" என்றார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா உனக்கு? மூணு நாளா பேசவே இல்லையே."

"ஒண்ணும் இல்லைங்க."

அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து வந்த மிகச் சிறிய வாக்கியம் அதுதான். அவர் பயந்துபோய் டி.வி.யை அணைத்தார். அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து சேர்ந்தாள், உட்காராமலேயே கேட்டாள்.

"நாளைக்குத்தானே உங்க ஆஸ்பத்திரியில முடிவு? நல்லபடியா நடக்கட்டும். நடக்கலைன்னாலும் கவலைப்படாத. கூட்டறதுக்கு நான் வேற ஆள் வைக்கல. துடைப்பம்கூடப் புதுசு."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். வகிடக்காவின் புளுகு மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஒரு துணிப்பையோடு டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள். டாக்டர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, குழுவுக்கு முன் பேசவேண்டியதைக் கண்ணாடிக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பையிலிருந்து பொம்மைத் தலையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வகிடு எடுத்தாள், ஜெல்லை அப்பினாள், பட்டையை மாட்டி டாக்டரின் கணினியில் இணைத்தாள்.

"பாருங்க சார்."

டாக்டர் பன்னிரண்டு ஸ்டேஷனையும் பார்த்தார். நட்சத்திரம் வெடித்தது. பிறகு, முப்பத்து நான்கு பக்கமும் கண்முன்னால் ஓடியதோ என்னவோ, மெல்லக் கையை நீட்டி அந்த முடியைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல அடர்த்தி," என்றார்.

"நைலான் சார்."

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். வகிடக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மிளகளவைக் கேட்டுச் சிரித்தது, பாலம் கட்டியது, புதன்கிழமை வெயில், வியாழக்கிழமை பயம், ஒன்று விடாமல். மூன்று நாள் அடைத்து வைத்திருந்தது மடை திறந்த மாதிரி வந்தது. டாக்டர் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் உங்க வேலை நிரந்தரமாயிருக்கும்மா. நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். ஏன் சொன்னீங்க?"

"பூட்டு ரிப்பேர் பண்றவர் அழுதாரு சார்," என்றாள். "நாம இந்தப் பொண்ணு சரியாயிட்டான்னு காகிதம் எழுதிக் குடுத்துடுவோம். அவ ஒண்ணுமே கத்துக்கல. திரும்பவும் போய் வகுப்புல உட்கார முடியாம, வெளிய நிப்பா. வெளிய நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதுக்கு நான் முடியே கூட்டிக்கிறேன்."

சொல்லிவிட்டுக் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வைத்த கை அதைவிட்டு வரச் சற்று நேரம் பிடித்தது.

டாக்டர் கார்டை அவள் பக்கம் தள்ளினார். "இப்பவே வேண்டாம். சாயங்காலம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, பொம்மைத் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குழுவைச் சந்திக்கப் போனார். புதுச் சட்டையெல்லாம் ஜெல்.

உள்ளே என்ன நடந்தது என்று நேரில் பார்த்தவர்கள் பிறகு விதவிதமாகச் சொன்னார்கள். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார் என்பதிலும், பொம்மை ரயில் ஓட்டியதைப் பார்த்துத் தலைவர் இருமல் வந்ததுபோல் நடித்துச் சிரித்தார் என்பதிலும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். நாலு மாதக் கணக்கில் உருப்படியாக மிஞ்சியது ஒரே ஒரு குழந்தையின் வரைபடம். மொட்டை. அவன் மெல்ல, நிஜமாகவே மெல்ல, இரண்டு ஸ்டேஷன் முன்னேறியிருந்தான். சாப்பிடும்போது இப்போது பாதியில் எழுந்து ஓடாமல் உட்காருகிறான் என்று அவன் அம்மாவும் எழுதிக் கொடுத்திருந்தாள். அதை வைத்துத்தான் அறை பிழைத்தது. இன்னும் ஆறு மாதம், முதலிலிருந்து, ஜெல்லை ஊசிக் குழாயில் அளந்து வைத்துச் செய்து காட்டுங்கள் என்றது குழு. தப்பைச் செய்தவரை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டாராம். கண்டுபிடித்தவரும் அவர்தான், அவரையே வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தப்பை இனி அவர் செய்ய மாட்டார் என்றாராம் தலைவர்.

ஆக வேலை நிரந்தரமும் இல்லை, போகவும் இல்லை. வகிடக்கா கார்டை மாட்டிக்கொண்டாள். நாத்தனாரின் புதுத் துடைப்பம் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

"ஒரு விஷயம்," என்றார் டாக்டர். "பெத்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். குழந்தைங்ககிட்ட நீங்கதான் சொல்லணும். உங்க கைதட்டலைத்தான் அவங்க நம்பினாங்க."

அது வெள்ளிக்கிழமையைவிடக் கஷ்டம். திங்கட்கிழமை முழுக்க ஒவ்வொரு குழந்தையாகச் சொன்னாள். ரயிலை நீ ஓட்டலை, நான் அதிகமா ஜெல் வெச்சதால அதுவா ஓடிடுச்சு, தப்பு என்னுது, இனிமே நிஜமா ஓட்டலாம். ஒருவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஒருத்தி, "அப்ப நட்சத்திரத்தையெல்லாம் திருப்பிக் குடுக்கணுமா?" என்று கவலைப்பட்டாள். மொட்டை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான்.

"நான் மட்டும்தான் நிஜமா ரெண்டு ஸ்டேஷன் போனேனா?"

"நீ மட்டும்தான்."

"அந்தப் பொண்ணு போகலையா? பன்னெண்டு போனாளே?"

"போகலை."

அவன் நடைபாதைக்கு ஓடினான். "அம்மா, முடியை வெட்டிடுங்க" என்று அவன் குரல் கேட்டது.

கடைசியில் பம்பரம். வகிடக்கா அவளை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். நீண்ட முடியைப் பிரித்து, வகிடு எடுத்து, ஊசிக் குழாயால் மிளகளவு வைத்து, பட்டையை மாட்டிவிட்டு முன்னால் வந்து குந்தினாள். மற்றவர்களுக்குச் சொன்னதையே சொன்னாள். பம்பரம் நாற்காலியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். முதல் சுற்று, இரண்டாவது சுற்று.

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள் மூன்றாவது சுற்றில்.

"என்ன தெரியும்?"

"நான் ஓட்டலைன்னு. நான் மேல ஃபேனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அது பாட்டுக்குப் போச்சு. கண்ணைக்கூட மூடிப் பார்த்தேன். அப்பவும் போச்சு."

"எப்ப?"

"முதல்லேயே."

வகிடக்கா நாற்காலியைப் பிடித்து நிறுத்தினாள். "அப்ப ஏன் பாப்பா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உங்களை அனுப்பிடுவாங்கல்ல? உங்க அண்ணி கடையில முடி கூட்டணுமே."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

பம்பரம் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பெரியவர்களின் அசட்டுக் கேள்விகளுக்குக் குழந்தைகள் வைத்திருக்கும் பார்வை அது. "நீங்கதானே சொன்னீங்க."

"நான் சொன்னதை நீ கேட்டியா?"

"கேட்டேனே."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அண்ணி கத்தரியைப் பிடுங்கினது. பேங்க் அம்மாவுக்கு வலது பக்கம் காது வரைக்கும் வெட்டினது. மாடி வீட்டுக்காரர் விவாகரத்துக்குப் போட்டுக்கிட்டுப் போன சட்டை நீலம். அக்கா வீட்டு மாமாவுக்கு எந்தப் பக்கக் காது கேட்காது என்பது. முதல் வாரம் சொன்னது, அதற்கடுத்த வாரம் சொன்னது என்று வரிசை மாறாமல் வந்தது. விதிப்படி ரயில் திரையில் இருக்கும்போது பேசக்கூடாது. திரையில் ரயில் முதல் ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டிருந்தது. 'கவனம் போதவில்லை. மீண்டும் முயற்சி செய்க' என்று சிவப்பு எழுத்து மின்னியது. வகிடக்கா அதை நிறுத்தக் கையை நீட்டினாள், கை பாதியிலேயே நின்றுவிட்டது. நாற்பத்தெட்டு வருடமாக அவள் பேசியிருக்கிறாள். ஒருவர் அதைக் கேட்டு வைத்திருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை.

"அப்புறம், உங்களை ஸ்கூல்ல வெளிய நிக்க வெச்சப்ப, எதிர்ச் சுவத்துல இருக்கிற செங்கல்லை எண்ணுவீங்க," என்றாள் பம்பரம். "அதுல மட்டும் எனக்கு ஒரு டவுட்டு. முதல்ல இருநூத்திப் பதினாலுன்னு சொன்னீங்க. அப்புறம் ஒரு நாள் இருநூத்திப் பதினாறுன்னீங்க. எது சரிக்கா?"

வகிடக்கா அழுதுவிட்டாள். அழுதுகொண்டே யோசித்தாள், இப்படி ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லக்கூடாது.

"பதினாலு," என்றாள். "பதினாறுன்னு சொன்னது வாய் தவறி வந்துருச்சு."

"அதான் நினைச்சேன்," என்றாள் பம்பரம்.